ஃபெதாயா உச்சியில் யாரும் இல்லை

தொலைக்காட்சியில் மலைமேல் நடக்கிற சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு முன்னால் போகிற நாலு பேரைத்தான் தெரியும். அவர்களுக்கு வெகு பின்னால், கேமரா எட்டிப் பார்க்காத இடத்தில், நாற்பது பேர் முக்கி முனகி அதே மலையை ஏறிக்கொண்டிருப்பது தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கு என்ன? ஜெயிக்கிறவனுக்குப் பூங்கொத்து. எங்களுக்குக் கெடு. முதல் ஆள் வந்து சேர்ந்த பிறகு இவ்வளவு நேரத்துக்குள் கடைசி ஆளும் வந்துவிட வேண்டும். வராதவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், மறுநாள் அவனுக்குப் பந்தயம் கிடையாது.

அந்த நாற்பது பேர் கூட்டத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் பஸ். சமதளத்தில் பறந்துவிட்டு மேட்டைக் கண்டால் மூச்சுத் திணறுகிற கனத்த உடம்புக்காரர்கள், விழுந்து அடிபட்டவர்கள், வயிறு கெட்டவர்கள், என்னைப் போல இன்னொருத்தனுக்காக உழைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள், எல்லாரும் அதில் பயணிகள். முதல் மலை தொடங்கியதும் எவனாவது "பஸ் கிளம்புதுப்பா" என்று குரல் கொடுப்பான். அதற்குப் பிறகு இவன் எந்த அணி, அவன் எந்த அணி என்ற பேச்சே கிடையாது. ஏறும்போது எவனும் வேகம் கூட்டக் கூடாது. பின்தங்கினவனுக்காகச் சரிவில் நிற்க முடியாது, நின்றால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. அதனால் உச்சிக்குப் போய் நிற்க வேண்டும். அவன் வந்ததும் எல்லாரும் சேர்ந்து இறங்க வேண்டும். இது எங்கேயும் எழுதாத சட்டம்.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. பஸ் மொத்தமாகக் கெடு தாண்டி வந்தால் நடுவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள். நாற்பது பேரை வெளியே தள்ளிவிட்டு மறுநாள் யாரை வைத்துப் பந்தயம் நடத்துவது? ஆனால் ஒருத்தன், இரண்டு பேர் பிந்தினால் தயவு தாட்சண்யமே கிடையாது. பஸ்ஸைத் தவறவிட்டவன் செத்தான்.

பஸ்ஸை ஓட்டுகிறவன் புருசாதின். அவனுக்குக் கணக்கப்பிள்ளை என்று பட்டப்பெயர். எந்த மலையில் எவ்வளவு மெதுவாகப் போகலாம், எந்த இறக்கத்தில் எவ்வளவு மீட்கலாம் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவான். அவன் கணக்கு தப்பி ஒருத்தரும் வீட்டுக்குப் போனதில்லை. வாய் மட்டும் ரொம்ப நீளம்.

எனக்கு அந்த வருஷம் ஒரே வேலை. வால்த்தெரைப் பந்தயம் முடியும்வரை காப்பாற்ற வேண்டும். வால்த்தெர் ரொவீகோ பக்கத்துக் கசாப்புக்காரர் மகன். எங்கள் ஊர்ப்பக்கம் மாதிரியே அங்கேயும் ஒரு பாலத்தை விட்டால் வேறு மேடு கிடையாது. தொடை ஒவ்வொன்றும் ஒரு மரத்துண்டு. கடைசி இருநூறு மீட்டரில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. இத்தாலியை மூன்று வாரம் சுற்றிவருகிற ஜிரோ பந்தயத்தில் அந்த வருஷம் மூன்று நாள் ஜெயித்து, அதிகப் புள்ளிக்காரன் போடுகிற கத்திரிப்பூ நிற ஜெர்சியை வாங்கிவிட்டான். இன்னும் இரண்டே நாள். இந்த மலை நாளைத் தாண்டிவிட்டால் போதும், கடைசி நாள் சமதளம். ஜெர்சியை வேறு யாரும் தொட முடியாது. எங்களுடையது அடுப்பு செய்கிற கம்பெனியின் ஏழை அணி. வருஷம் முழுக்கக் காட்டிக்கொள்ள எங்களிடம் இருந்தது அந்த ஜெர்சி ஒன்றுதான்.

அன்றைக்குத் துரான், ஸ்தவுலான்ட்ஸா, கடைசியாக ஃபெதாயா என்று மூன்று மலை. காலையிலிருந்தே மழை. துரானில் பஸ் ஒழுங்காகக் கிளம்பியது. புருசாதின் வால்த்தெர் பக்கத்தில் வந்து அவன் ஜெர்சியைத் தொட்டுப் பார்த்தான்.

"கலர் நல்லா இருக்கு மாப்ள. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த துணியா?"

"கையை எடுங்கண்ணே, அழுக்காயிடும்."

"இன்னைக்கு ஃபெதாயால பாரு, அழுக்கு என்னன்னு தெரியும். ஒரெஸ்தே, உன் மாட்டை ஒழுங்கா ஓட்டிட்டு வா."

"நீ பஸ்ஸை ஒழுங்கா ஓட்டு," என்றேன் நான்.

துரானும் ஸ்தவுலான்ட்ஸாவும் போயின. இரண்டிலும் வால்த்தெர் கூட்டத்தின் வாலில் தொங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் ஸ்தவுலான்ட்ஸா இறக்கத்தில் குளிர் அவனைப் பிடித்துக்கொண்டது. கீழே வந்து சேரும்போது உதடு நீலம் பாய்ந்திருந்தது. பையிலிருந்து அரிசிக் கேக்கை எடுக்க விரல் மடங்கவில்லை. நான்தான் பிட்டு வாயில் வைத்தேன். இரண்டு வாய் தின்றான், மூன்றாவதைத் துப்பிவிட்டான். சாப்பாட்டைத் துப்புகிற சைக்கிள்காரனுக்கு மலை ஏறத் தெம்பு இருக்காது. எங்கள் அணிக்கு இருந்தது ஒரே கார். அது முன்னால் போய்க்கொண்டிருந்த எங்கள் இன்னொரு ஆளுடன் போய்விட்டது. சூடாக ஒரு வாய்த் தேநீருக்குக்கூட நாதியில்லை.

ஃபெதாயாவை ஏறாதவனுக்கு அதைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மற்ற மலைகளில் வளைவு இருக்கும். அந்த வளைவுக்கு அப்புறம் லேசாகிவிடும் என்று மனசை ஏமாற்றிக்கொண்டு ஏறலாம். மல்கா சாப்பேலா கிராமத்தைத் தாண்டினால் ஃபெதாயாவில் வளைவே இல்லை. சாலை நேர்கோடாக நெற்றிக்கு நேரே எழுந்து நிற்கும். நாம் படப்போகிற பாடு மொத்தத்தையும் கீழிருந்தே பார்த்துவிடலாம். அப்படி ஒரு சாலை போட்ட என்ஜினீயர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், அவனை நான் சபிக்காத வருஷமில்லை.

அந்த நேர்கோட்டின் அடியிலேயே வால்த்தெர் உடைந்தான். திடீரென்று ஒன்றும் இல்லை. முன்னால் போனவன் சக்கரத்துக்கும் அவனுக்கும் ஒரு கை இடைவெளி விழுந்தது, பிறகு ஒரு சைக்கிள், பிறகு ஒரு லாரி நிற்கிற இடம். நான் திரும்பி அவனிடம் வந்தேன். புருசாதின் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒரெஸ்தே, மெதுவா கூட்டிட்டு வா. மேல நிப்போம்," என்று கத்தினான்.

"சரி," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று இறங்கிவந்து பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றது. சிலேட்டில் சாக்பீஸால் நேர வித்தியாசம் எழுதிக் காட்டுகிற ஆள். சாலை நேர்கோடு என்பதால் எல்லாம் எனக்குத் தெரிந்தது. அவன் சிலேட்டைக் காட்டினான். நாற்பது தலைகளும் திரும்பின. பிறகு, என் கண்ணெதிரே, பஸ் வேகம் எடுத்தது. ஏறும்போது எவனும் வேகம் கூட்டக் கூடாது என்ற சட்டத்தை நாற்பது பேரும் சேர்ந்து காற்றில் விட்டார்கள். கூட்டம் நூலாக நீண்டு, மேலே பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

மோட்டார் சைக்கிள் எங்களிடம் வந்தது. சிலேட்டைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன்னால் இருந்த இரண்டு பெரிய மனிதர்கள் முந்தின நாள் பத்திரிகையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபத்தில் துரானிலேயே அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசி மலையில்தான் சண்டை தொடங்கும் என்று புருசாதின் போட்ட கணக்கு மண்ணாய்ப் போயிற்று. முதல் ஆள் சீக்கிரம் வந்தால் கெடுவும் சீக்கிரம் முடியும். பஸ்ஸுக்கே இனி நேரம் பற்றாது.

வால்த்தெர் ஹேண்டில்பாரில் தலை கவிழ்ந்திருந்தான், சிலேட்டைப் பார்க்கவில்லை. வாயைத் திறக்காதே என்று அந்த ஆளுக்குச் சைகை காட்டினேன். அவன் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

"என்னண்ணே சொன்னான்?"

"ஒண்ணுமில்ல. மழை விடாதாம்."

"பஸ் எங்க?"

"மேல. நமக்காக நிக்கிறாங்க. புருசாதின் சொன்னது கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்ன, மிதி."

அவர்கள் நிற்பார்கள் என்று எனக்கு ஒரு துளி நம்பிக்கை இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டேன். ஆளுக்கு ஆள் குடும்பம் இருக்கிறது, அணி இருக்கிறது, மூன்று வார உழைப்பு இருக்கிறது. வேற்று அணிக்காரன் ஒருத்தனுக்காக அதையெல்லாம் யார் பனியில் போட்டுவிட்டு நிற்பார்கள்? ஆனால் அவன் மிதிப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். அரிசிக் கேக் உள்ளே இறங்கவில்லை, இது இறங்கியது.

அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நடுவர் பார்த்தால் அபராதம். அந்த மழையில் எந்த நடுவர்? ஒரு கையால் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எண்பது கிலோவைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. பின்னால் விளக்குமாறு வண்டி வந்து சேர்ந்துகொண்டது. பந்தயத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்துவந்து, முடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற வேன். நெற்றியில் நிஜமாகவே ஒரு விளக்குமாற்றைக் கட்டியிருப்பார்கள். அதன் என்ஜின் சத்தம் முதுகிலேயே உரசிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இறங்கிடறேன்."

"இறங்கினா உதைப்பேன். அங்க நாப்பது பேர் உனக்காகக் குளிர்ல நிக்கிறான்."

"நிஜமா நிக்கிறாங்களா?"

"கணக்கப்பிள்ளை வாக்குக் குடுத்தா மாறுவானாடா?"

"மாறமாட்டார்," என்றான். பல் கிடுகிடுவென்று அடித்தது. "அவரு நல்லவரு. வாய்தான்."

மழை பனியாக மாறியது. கண்ணிமையில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவை வேகம் விழும்போதும் அதே பொய்யைச் சொன்னேன். நிக்கிறாங்கடா. நிக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் அவன் இன்னும் நாலு மிதி மிதித்தான். அவன் நம்ப நம்ப எனக்குள் ஏதோ செத்துக்கொண்டே வந்தது. இவ்வளவு பெரிய மனிதனைக் குழந்தையை ஏமாற்றுகிற மாதிரி ஏமாற்றி எங்கே கொண்டுபோய் விடப்போகிறேன் என்று யோசித்தேன். உச்சியில் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

உச்சி வந்தது. கணவாயின் பெயர்ப்பலகை, பூட்டிக் கிடந்த விடுதி, மிதிபட்ட சேறு. குளிர் தாங்காமல் வேடிக்கை பார்க்க வந்த சனம்கூடக் கலைந்துவிட்டது. அதற்கு அப்பால் ஏரி. ஏரியிலிருந்து வந்த காற்று ஆளைத் தூக்கியது. பத்து அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

வால்த்தெர் பலகையின் கீழே காலை ஊன்றி நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"எங்கண்ணே?"

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"போயிட்டாங்களா?"

"போயிருப்பாங்க," என்றேன். "முன்னால இருக்கறவங்க வேகமாப் போயிட்டாங்கடா. பஸ்ஸுக்கே நேரம் இல்லை."

"அது உனக்கு எப்ப தெரியும்?"

"கீழயே."

அவன் கோபப்படவில்லை. சைக்கிளைப் பலகைமேல் சாய்த்துவைத்தான், விழுந்துவிடாதபடி பார்த்துச் சாய்த்தான். வேனிலிருந்து ஆர்துரோ இறங்கிவந்தார். வருஷக்கணக்காக எங்களைப் பொறுக்கியெடுக்கிற கிழவர். கையில் கம்பளி.

"போதுமா தம்பி?"

வால்த்தெர் தலையாட்டினான். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாடா, ஏரி வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு பேர் தனியாகக் கெடு தாண்டிப் போய் என்ன பிரயோஜனம்? உறைந்த கையோடு அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்து தொலைப்பான். எனக்கே நம்பிக்கை இல்லாதபோது அவனை எதைச் சொல்லி இழுப்பது? ஆர்துரோ அவன் முதுகிலிருந்த எண் துணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வானொலிப் பெட்டியில் அந்த எண்ணை நடுவருக்குச் சொன்னார். முடிந்தது.

"நீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நான் ஓட்டியே வர்றேன்."

வீரம் ஒன்றும் இல்லை. வேனுக்குள் வால்த்தெருக்கு எதிரே உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. ஏரிக்கரையோரமாகக் கிளம்பினேன். வேன் பின்னாலேயே வந்தது. பக்கக் காற்று என்னைச் சாலையின் விளிம்புக்குத் தள்ளியபடி இருந்தது. அழுதேனா என்று தெரியாது, முகம் முழுக்கப் பனி.

ஏரி முடிந்து அணையைத் தாண்டியதும் சாலை, பனிச்சரிவைத் தடுக்கக் கட்டிய கான்கிரீட் கூரைக்குள் நுழையும். உள்ளே இருட்டு. முதலில் இருமல் சத்தம்தான் கேட்டது. பிறகு சைக்கிள் ஷூக்கள் தரையைத் தட்டுகிற சத்தம். நிறைய ஷூக்கள்.

நாற்பது பேரும் அங்கே நின்றார்கள். சுவரோடு ஒட்டி, கக்கத்தில் கைகளைத் திணித்துக்கொண்டு, ஒருத்தன் முதுகில் ஒருத்தன் சாய்ந்துகொண்டு நின்றார்கள். புருசாதின் முன்னால் வந்தான்.

"எவ்வளவு நேரம்டா? இங்க பாதிப் பேரு கருவாடாயிட்டான். எங்க மாடு?"

நான் பின்னால், வேன் வரப்போகிற பக்கம் பார்த்தேன்.

"ஒரெஸ்தே. வால்த்தெர் எங்க?"

"நீங்க உச்சியில இல்ல," என்றேன்.

"அங்க எவன் நிக்க முடியும்? காத்து ஆளையே தூக்குது. அதான் கூரைக்குள்ள வந்தோம். உங்களுக்குச் சொல்லறதுக்குன்னு பலகைகிட்ட ஒருத்தனை நிறுத்திட்டுத்தான் வந்தோம். அவனுக்குக் கை விறைச்சு நீலமாயிடுச்சு, இப்பதான் அவனும் வந்தான். எப்படியும் வழி இதுதானே, வந்துதானே ஆகணும்னு நெனச்சோம்."

"சிலேட்டைப் பார்த்ததும் வேகமாப் போனீங்களே."

புருசாதின் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "பின்ன? உங்களுக்காக நிக்கணும்னா அந்த நேரத்தை எங்கயாவது சம்பாதிக்கணும்ல?"

அப்போது வேன் உள்ளே நுழைந்தது. அதன் விளக்கு சுவரோரம் நின்றவர்கள்மேல் வரிசையாக விழுந்துகொண்டே வந்தது. முன் இருக்கையில் கம்பளிக்குள் வால்த்தெர் இருந்தான். வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு ஆர்துரோ பக்கம் திரும்பினான்.

"என் நம்பரைக் குடுங்க."

"தம்பி..."

"குடுங்க. ஓட்டிடுவேன். இறக்கம்தானே."

"சொல்லிட்டேன்ப்பா. நடுவர் எழுதியாச்சு."

புருசாதின் கிழவரின் கையைப் பிடித்தான். அவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "ஆர்துரோ அண்ணே, இங்க இருக்கறது நம்ம ஆளுங்கதான். எவனும் வாயத் திறக்க மாட்டான். தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. குத்தி விடுங்க."

ஆர்துரோ வானொலிப் பெட்டியை எடுத்தார். சொன்னார். திரும்பவும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. இறங்கியவன் இறங்கியவன்தான்.

பிறகு புருசாதின், "ஏறுங்கப்பா," என்றான். அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஒவ்வொருத்தனாக வால்த்தெரைத் தாண்டிப் போனான். சிலர் தோளைத் தொட்டார்கள், சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் போனேன். கீழே, பந்தயம் முடிகிற கனாட்செய் ஊருக்குப் பஸ் கெடு தாண்டித்தான் வந்தது. நாற்பது பேர் என்பதால் நடுவர்கள் மன்னித்தார்கள். மன்னிக்கப்பட்டவர்களில் நானும் உண்டு.

சாயங்காலம் ஓட்டலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. கீழே எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வால்த்தெர் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். ஜெர்சியை யாரோ முன்பே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அடுத்த புள்ளிக்காரனுக்குக் காலையில் போட்டுவிட வேண்டுமாம். அவனை ஊருக்குக் கூட்டிப்போகக் கார் வெளியே நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"ஏறும்போது பூரா சொல்லிட்டே வந்தியே, நிக்கிறாங்க நிக்கிறாங்கன்னு. நீ நம்புனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு முழுக்க அதைத்தான் செய்தேன். ஆனால் நம்பினேன் என்றால், பிறகு ஏன் உச்சியில் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்பான்.

"இல்லடா."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

கையிலிருந்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"நான் நம்புனேன்," என்றான். "மேல ஏறி உன் மூஞ்சியப் பாத்ததும்தான் விட்டேன்."

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தான். கூடவே கீழே தூக்கிவரலாம் என்று நானும் எழுந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனான்.